பொட்டுக்கு மேலே நாலு விரல்

மாவுக் கையோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அளவு பார்ப்பதற்காகப் புது இரும்பு ஸ்டாண்டை அந்தச் சுவரோரம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நியாயமாக அந்தப் பொட்டு ஸ்டாண்டின் மேல்சட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதுவோ ஏறக்குறைய முக்கால் சாண் மேலே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பொட்டு ஏறாது. அப்படியென்றால் ஸ்டாண்டுதான் குள்ளமாகியிருக்கிறது.

"இன்னா இது? இந்த ஸ்டாண்டு பூமிக்குள்ள போய்கினு கீதா?" என்று கத்தினேன்.

வாசலில் இருந்து இரண்டு ஆண் குரல்கள் ஒரே நேரத்தில் வந்தன. "டெஸ்டு பண்ணோம்!"

அந்த டெஸ்ட்டின் கதைதான் இந்த வாரம். நான் மாவு வியாபாரம் தொடங்கிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ஒரு ஃபிரிட்ஜுக்காக இவ்வளவு உருக வேண்டுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

குப்புற மிதந்த ஃபிரிட்ஜ்

எங்கள் சடையங்குப்பம் பள்ளத்தில் இருக்கிறது. மழை எங்கே பெய்தாலும் தண்ணீர் கடைசியில் எங்கள் வீட்டுக்குத்தான் விருந்துக்கு வரும். இந்த ஸ்டாண்டு வருவதற்கு முந்தின பெருமழையில் ஃபிரிட்ஜை ஹாலோ பிளாக் கல் மேல் ஏற்றித்தான் வைத்திருந்தோம். தண்ணீரில் கல் ஒன்று சரிந்தது. ஃபிரிட்ஜ் குப்புற விழுந்து, கதவு திறந்து, கூடத்துக்கு நடுவில் மிதந்தது. இரண்டு தெருவுக்குக் கொடுக்க வேண்டிய இட்லி மாவு வெள்ளத்தில் கலந்து, வீடு முழுக்க வெளுத்துப்போன தண்ணீர்.

அன்றைக்கு அழுதது போல நான் என் கல்யாணத்தில்கூட அழவில்லை. வீடு என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. ஸ்கூட்டரும் அவர் பெயரில். சமையல் கேஸ் மாமியார் பெயரில். ஆனால் தெருவே "செல்வி மாவு" என்றுதான் கேட்டு வாங்கும். என் பெயரில் இருந்த ஒரே பொருள் அந்த ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. அது தண்ணீரில் போவதைக் கட்டில் மேல் நின்று பார்த்தவள் நான்.

தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஒரு பழுப்புக் கோடு நின்றது. என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று கோட்டின் மேல் ஒரு மெரூன் பொட்டை எடுத்து ஒட்டினேன். புது ஃபிரிட்ஜ் வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தோ, இந்தப் பொட்டுக்கு மேல நாலு வெரலு. அந்த ஒயரத்துல இரும்புல ஒரு ஸ்டாண்டு வோணும். அடுத்த மழைக்குள்ள. வேற ஒன்னியும் நான் கேக்கல."

"இவ்ளோதானே? நானே செஞ்சு குடுக்கறேன் போ" என்றார்.

அந்த "நானே" காதில் விழுந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். மாவுக்கு உளுந்து ஊறப்போட்ட நினைப்பில் விட்டுவிட்டேன்.

சிவப்பும் நீலமும்

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகும் பெட்டிகளின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறவர். என் தம்பி தயாளன் காலடிப்பேட்டையில் குடியிருந்துகொண்டு, கல்மண்டபத்தில் ஒரு பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிற்கிறவன். இருவருக்கும் தொழில் வெல்டிங் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

இத்தனைக்கும் எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு வெல்டிங் பட்டறையில்தான் விழ வேண்டும். லாரி பாடி கட்டுகிறவர்கள், மீன்பிடி போட்டுக்கு இரும்பு வேலை செய்கிறவர்கள், கேட்டும் கிரில்லும் செய்கிறவர்கள் என்று எண்ணூர் வரைக்கும் வரிசையாக இருக்கிறார்கள். தெருமுனைப் பட்டறையில் சொல்லியிருந்தால் நாஸ்டாவுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடித்துக் கொடுத்திருப்பார்கள்.

"அவன் செய்றது தொழிலு. நம்ம செய்றது ஆசைக்கு" என்றார் இவர். ஆசைக்குச் செய்வது எப்போது முடியும் என்று கேட்டேன். செல்போனை எடுத்து வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இவர்கள் வெல்டிங் கற்றது செல்போனில். எங்கேயோ குளிர் நாட்டில் ஒரு மனிதர் தன் கார் ஷெட்டில் நின்று, இரண்டு சட்டை போட்டுக்கொண்டு, நிதானமாக வெல்டு வைத்துக் காட்டுவார். அவர் பேசுவது இவர்களுக்குப் பாதிதான் புரியும். எங்கள் ஊர் புழுக்கமும் கடல் காற்றும் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. அப்படி ஒரு வாத்தியார், அப்படி இரண்டு மாணவர்கள்.

வழக்கமான வெல்டிங்கில் கையில் ஒரு ராடைப் பிடித்து, அது உருகித் தீரத் தீர வேறு மாற்ற வேண்டும். இவர்கள் வாங்கிய மிக் மிஷினில் ஒயர் சுருளாக உள்ளே இருக்கும். கையில் பிடிக்கும் டார்ச் என்ற குழாயில் இருக்கும் பட்டனை அமுக்கினால் அது தானே வந்துகொண்டிருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் சுலபம் என்று பேர்.

இவர் வாங்கியது சிவப்புப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு கேஸ் சிலிண்டர் நிற்க வேண்டும். உருகும் இடத்தில் காற்றுப் படாமல் அந்த கேஸ் மூடிக்கொள்ளும், வெல்டு பளபளவென்று வரும். இவர் வாங்கிய மறுவாரமே தம்பி ஒரு நீலப் பெட்டியோடு வந்து இறங்கினான். அதற்கு கேஸ் வேண்டாம், ஒயருக்குள்ளேயே மருந்து இருக்கும். புகை கக்கும், மேலே கசடு படியும், தட்டி எடுக்க வேண்டும். ஆனால் சிலிண்டரைக் கட்டி மாரடிக்க வேண்டாம்.

"கேஸ் வெல்டு பாக்க எப்டி கீது பாரு மச்சான். நகை மாதிரி" என்பார் இவர்.

"நகைய வெச்சி ஃபிரிட்ஜ தூக்க முடியுமா மாமா?" என்பான் அவன்.

இந்தப் போட்டி இன்று நேற்று வந்ததல்ல. எங்கள் கல்யாணத்தன்று மண்டபத்து மாடியில் மாப்பிள்ளையும் மச்சானும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று ஆள் அனுப்பினால், சிவப்புக் காய் விழாமல் எழுந்து வரமாட்டேன் என்றார் மாப்பிள்ளை. சிவப்பு விழுந்தது. அடுத்து விழ வேண்டிய துணைக்காய் விழவில்லை. சிவப்பைத் திரும்பப் பலகையில் வைத்துவிட்டு, அந்த எரிச்சலோடு கீழே வந்துதான் எனக்குத் தாலி கட்டினார். கல்யாண போட்டோவில் அவர் முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று இன்றைக்கும் உறவுக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

காத்துக்கு யார் பொறுப்பு?

வேலை நடந்தது எங்கள் வாசலில், மத்தியானத்தில். எங்கள் ஊரில் மத்தியானம் என்றால் கடல் காற்று. சிலிண்டரில் இருந்து வருகிற கேஸைக் காற்று அடித்துக்கொண்டு போக, இவருடைய நகை வெல்டு முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்தது.

"இன்னா மாமா, ரவா தோச ஊத்திக் கீறே?" என்றான் தம்பி.

மறுநாள் இவர் பரண் மேல் ஏறி, தம்பியின் கல்யாணத்துக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனரை எடுத்து வந்து காற்றுக்கு மறைப்பாகக் கட்டினார். காற்று நின்றது. ஆனால் பறந்த நெருப்புப் பொறியெல்லாம் பேனரில் பட்டது. சாயங்காலம் பார்த்தால் மணமகன் முகம் முழுக்க அம்மை வார்த்தது போல ஓட்டை. மணமகள் மேல் ஒரு பொட்டுப் பொறிகூடப் படவில்லை.

"வேணும்னே பண்றே மாமா நீ!"

"காத்து அந்தாண்டதான் அடிச்சிது. நான் இன்னா பண்ணட்டும்?"

தம்பியின் கதையும் யோக்கியமில்லை. மருந்து ஒயர் போட்டால் மிஷினுக்குள் இருக்கும் பிளஸ், மைனஸ் இணைப்பை இடம் மாற்ற வேண்டுமாம். அவன் மாற்றவில்லை. ஆடி மாதம் முழுக்க அந்த நீலப் பெட்டி கடுகு வெடிப்பது போல நாலாபக்கமும் துப்பியது. "இந்த ஏரியா கரண்டே கலீஜ்" என்று மின்சாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். அதைவிடக் கொடுமை, காரணம் என் வீட்டுக்காரருக்குத் தெரியும். செல்போனில் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொல்லாமல், தின்பண்டம் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்.

தள்ளுவதா இழுப்பதா என்று இன்னொரு சண்டை. கேஸ் மிஷினில் டார்ச்சை முன்னால் தள்ளிக்கொண்டு போவார்கள். மருந்து ஒயரில் பின்னால் இழுத்துக்கொண்டு வருவார்கள். அவரவர் மிஷினுக்கு அதது சரி. ஆனால் எதிராளி செய்வது தப்பு என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

"தள்ளு மச்சான்!"

"இஸ்தாதான் மாமா புடிக்கும்!"

சமையலறையில் நின்றபடியே யார் கையில் டார்ச் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். இவருடையது வடை வேகும் சத்தம், ஒரே சீராகக் கேட்கும். தம்பியுடையது ஈரம் போகாத சட்டியில் எண்ணெய் காயும் சத்தம். பக்கத்து மாடிவீட்டு பாத்திமா அக்கா ஒருநாள், "இன்னா செல்வி, டெய்லி வூட்ல பலகாரமா?" என்று கேட்டார். பலகாரமாக இருந்திருந்தால் தின்றாவது தொலைத்திருக்கலாம்.

அறுத்துப் பார்த்தார்கள்

இதில் யாருக்கும் நம்பிக்கை வராத ஒரு விஷயம் சொல்கிறேன். ஸ்டாண்டு எப்போதோ முடிந்துவிட்டது. மேல்சட்டத்துக்கு நான்கு கால்கள். இரண்டு கால் இவர் வெல்டு, இரண்டு கால் அவன் வெல்டு. சுவரோரம் வைத்துப் பார்த்தோம். பொட்டுக்கு மேலே நாலு விரல், கனகச்சிதம். அந்த நிமிஷமே ஃபிரிட்ஜைத் தூக்கி வைத்திருந்தால் இன்றைக்கு எழுத நான் வேறு கதை தேட வேண்டியிருந்திருக்கும்.

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான். "மேல பாத்தா சோக்காதான் கீது மாமா. உள்ள புட்ச்சிக் கீதான்னு எப்டி தெரியும்?"

"நீ இன்னா சொல்ல வர்றே?"

"அறுத்துப் பாக்கணும். ஃபோன்ல அவுரு அப்டித்தான் அறுத்துக் காட்றாரு."

"என்த மட்டுமா? ஒன்தையும் அறு."

கட்டிங் மிஷின் அலறியது. ஆளுக்கு ஒரு காலை வெல்டு வைத்த இடத்தோடு சேர்த்து அறுத்து எடுத்து, இட்லியைப் பிட்டு வெந்திருக்கிறதா என்று பார்ப்பது போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டுமே நன்றாகப் பிடித்திருந்தன. அதோடு விட்டார்களா? யாருடையது அதிக ஆழம் என்று தெரியவில்லையாம். திரும்ப வெல்டு வைத்துத் திரும்ப அறுக்க வேண்டுமாம்.

அறுத்த காலில் ஒரு விரற்கடை குறையும். ஒரு கால் குறைந்தால் ஸ்டாண்டு நொண்டும். அதனால் மற்ற கால்களிலும் அதே அளவு வெட்டிச் சமன் செய்வார்கள். மறுபடி வெல்டு, மறுபடி அறுவை, மறுபடி சமன். லீவு நாளெல்லாம் இதுதான்.

எனக்கு இது தெரியாது. நான் மாவு அரைத்து, டப்பாவில் அடைத்து, வாங்க வருகிறவர்களுக்குக் கொடுத்து நிமிர்வதற்குள் பொழுது போய்விடும். "முடிஞ்சிதா?" என்று உள்ளே இருந்து கேட்பேன். "தோ, டெஸ்டு ஒண்ணுதான் பாக்கி" என்று பதில் வரும். மாணவர்களை இவ்வளவு பரீட்சை எழுத வைத்தால் பெற்றோர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போடுவார்கள். பாவம், ஸ்டாண்டுக்குக் கேட்க ஆளில்லை.

இப்படியாக முழங்காலைத் தாண்டி நின்ற ஸ்டாண்டு, முழங்காலுக்கு வந்து, அதற்கும் கீழே இறங்கியது. நான் மாவுக் கையோடு வந்து நின்ற மத்தியானத்தில் அது ஒரு பெரிய முக்காலியாக இருந்தது.

"மழ வர்ற மாசம் இது. எம் ஃபிரிட்ஜு மறுபடியும் தண்ணில போனா, நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன். மெய்யாலுமே சொல்றேன்" என்றேன். மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்தேன். எனக்கு அப்போது கோபத்தைவிட பயம்தான் அதிகம். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அழாதமே. காலுக்கு அடியில துண்டு பைப்பு வெச்சி நீட்டிட்லாம். நாளைக்கே" என்றார் இவர்.

"அந்த ஜாயிண்ட்ட யாரு வெக்கிறது?" என்றான் தம்பி.

நான் உள்ளே போய்விட்டேன்.

பக்கவாட்டில் ஒரே உயரம்

மறுநாள் காலையில் மணலிப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. பார்த்தால் சிவப்பு மிஷினுக்குக் கேஸ் தீர்ந்திருந்தது. சிலிண்டரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு இவர் கிளம்ப, தம்பியும் பின்னால் ஏறிக்கொண்டான்.

"நீ எதுக்குடா?"

"கேஸ் கடைக்காரர் வாயாலயே கேஸு வோணாம்னு சொல்ல வெக்கிறேன் பாரு."

அவர்கள் தெருமுனை திரும்பவும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, எதிர்வீடு தெரியாத மழை. மத்தியானத்துக்குள் வாசற்படியைத் தண்ணீர் நக்கத் தொடங்கியது. போன் போட்டேன். "எர்ணாவூராண்ட மாட்டிகினோம், ரோடே தெரியல" என்றார். பின்னால் தம்பி ஏதோ வாதம் செய்துகொண்டிருந்தது கேட்டது.

மெயின் சுவிட்சை அணைத்தேன். பாத்திமா அக்காவும் அவர் மருமகளும் ஓடிவந்தார்கள். மாவு டப்பாக்களையெல்லாம் அவர்கள் மாடிக்கு ஏற்றினோம். பிறகு மூன்று பேரும் ஸ்டாண்டைப் பார்த்தோம், பொட்டைப் பார்த்தோம்.

"கல்லு இல்லியா?" என்றார் அக்கா.

"கல்லுதான் அக்கா போன தபா கவுத்துச்சி."

கூடத்து மூலையில் சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. கெட்டியான இரும்புப் பெட்டிகள். மேலே கைப்பிடி. பக்கவாட்டில் சாய்த்தால் கைப்பிடி தடுக்காது. நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிஷம் யோசித்தேன். அவருடைய ஆசை, தம்பியுடைய ஆசை, ஆடி மாதத்தில் இருந்து அவர்கள் துடைத்துத் துடைத்து வைத்த மிஷின்கள். அதே நிமிஷத்தில் குப்புற மிதந்த ஃபிரிட்ஜும் கண்ணில் வந்தது.

"அக்கா, ஒரு கை புடிங்கோ" என்றேன்.

இரண்டையும் சுவரோரம் பக்கவாட்டில் படுக்க வைத்தோம். இரண்டும் ஒரே உயரம், ஒரு சாண். எது ஒசத்தி என்று இத்தனை மாதம் அவர்கள் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகையைப் போட்டு, சிவப்பின் மேல் இரண்டு கால், நீலத்தின் மேல் இரண்டு கால் என்று ஸ்டாண்டை ஏற்றினோம். சட்டம் பொட்டைத் தாண்டி நின்றது. விரல் வைத்துப் பார்த்தேன். நாலு விரல். காலி ஃபிரிட்ஜை மூன்று பெண்களும் அல்லாவையும் வடிவுடையம்மனையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுத் தூக்கி மேலே வைத்தபோது, தண்ணீர் எங்கள் கணுக்காலுக்கு வந்திருந்தது.

பாத்திமா அக்கா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தால் எங்கள் வாசல் வழியாகக் கூடத்துச் சுவர் தெரியும். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா கொடுத்த டீ கையிலேயே ஆறியது. முதலில் மிஷின்கள் முழுகின. பிறகு ஸ்டாண்டின் கால்கள் முழுகின. பிறகு தண்ணீர் சுவரில் ஏறி ஏறி, என் பொட்டைத் தொட்டது. தொட்டு, அங்கேயே நின்றது.

சாயங்காலம் இரண்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து சேர்ந்தார்கள். சிலிண்டரைக் கடையிலேயே விட்டுவிட்டார்களாம். நானும் படியிறங்கி அவர்கள் பின்னால் போனேன்.

"ஃபிரிட்ஜு நிக்கிதுமே!" என்றார் இவர். மெய்யாகவே சந்தோஷப்பட்டார், அதைச் சொல்ல வேண்டும். அப்புறம் மூலையைப் பார்த்தார். "மிஷினு எங்க?"

"ஃபிரிட்ஜுக்குக் கீய."

சண்டைக்குத் தயாராக நின்றேன். சொல்ல வேண்டியதையெல்லாம் மாடிப்படியிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். தம்பி செல்போன் வெளிச்சத்தைத் தண்ணீருக்குள் அடித்து, குனிந்து, கையை விட்டுத் தடவினான்.

"ஜாயிண்ட்டு எதுவும் உட்டுக்கல மாமா."

"நாலுமா?"

"நாலும்."

எதையும் அறுத்துப் பார்க்காமலே அது தெரிந்துவிட்டதில் இருவரும் ஆளுக்கொரு காலைத் தடவிக்கொடுத்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. அடச்சீ, ஆயிரம் இருந்தாலும் என் ஃபிரிட்ஜைத் தாங்கி நிற்பது இவர்கள் இரண்டு பேரும் வைத்த வெல்டுதானே என்று நெஞ்சு இளகிவிட்டது.

"மச்சான்," என்றார் இவர் மெதுவாக, "ஒன் மிஷினு நசுங்கிக் கீதா பாரு."

"என்து நசுங்கல. ஒன்துதான் லேசா அமுங்கிக் கீது."

"டபாய்க்காதே. கைய நல்லா உட்டுப் பாரு."

தண்ணீர் வடிந்து வெகு நாளாகிறது. இரண்டு பெட்டிகளும் இன்றைக்கும் ஃபிரிட்ஜுக்குக் கீழேதான் படுத்திருக்கின்றன. தம்பி லீவு நாளில் வந்து, நூல் பிடித்து அளந்து பார்க்கிறான். சிவப்புப் பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்கிறான். தரைதான் இறங்கியிருக்கிறது என்கிறார் இவர். மிஷின்களை ஒரே ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இரண்டு பேரும் ஒற்றுமையாக வந்து என்னிடம் கேட்கிறார்கள். கட்டிங் மிஷினை பாத்திமா அக்கா வீட்டில் கொடுத்து வைத்துவிட்டேன். கேட்கும்போதெல்லாம் சுவரில் இருக்கும் பொட்டைக் காட்டி அனுப்பிவிடுகிறேன்.